தண்ணீர் சூடாகும் வரை

"பச்சத் தண்ணிய ஊத்துனதாலதானா?" என்று பிலோமி கேட்டாள்.

"அதெல்லாம் இப்பப் பேசாத, புள்ள."

"அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு நிமிஷம் வச்சிருந்தா வெதுவெதுன்னு ஆயிருக்கும். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"தூங்கு," என்றான் அவள் புருஷன் மைக்கேல்ராஜ்.

அவ்வளவுதான் பேச்சு. எழுபத்திரண்டாம் வருடம் நவம்பர் கடைசியில், குழந்தையைக் கல்லறைமேட்டில் வைத்துவிட்டு வந்த மறுநாள் பகலில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் நடந்தது. தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. பிலோமி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பதிலை அவளே சொல்லிக்கொண்டுவிட்டாள் என்பது மைக்கேல்ராஜுக்குத் தெரியும். 'இல்லை, தண்ணீரால் இல்லை' என்று சொல்ல அன்று அவன் வாயைத் திறந்தான். சொன்னால், 'பின்னே எதனால?' என்று கேட்பாள். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்துதான் 'தூங்கு' என்றான்.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை. உயிர் நிற்காது போலிருக்கிறது என்று மருத்துவச்சி முணுமுணுத்ததும், ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று பெற்றவளே பாயில் கிடந்தபடி கையை நீட்டி, குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கினாள். பிள்ளையின் தலையில் மூன்று முறை ஊற்றினாள். அன்று செசிலியம்மாள் திருநாள் என்பதால் செசிலி என்றே பெயர் வைத்தாள். சாமியார் வந்து சேர முடியாத அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நவம்பர் மாதத்தில் இந்த மலையில் குடத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. அது அழுதது அந்த ஒரு தடவைதான்.

எண்பத்தொன்றில், தீபாவளி முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், எஸ்டேட் ஆபீஸ் எழுத்தர் செல்லையா கிராணி தன் பழைய காரை, அந்தக் காடியை, கொண்டுவந்து தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறை வாசலில் நிறுத்தினார். அதே சாம்பல் நிறம். முன்பக்க மட்கார்டில் மட்டும் புதிதாக ஒரு நசுங்கல். மைக்கேல்ராஜ் தொழிற்சாலையில் ஃபிட்டர். இலை உருட்டும் மெஷினிலிருந்து இலை ஏற்றும் லாரிவரை எல்லாம் அவன் கைதான். ஆனால் இந்த ஒரு காடியை அவன் தொடுவதில்லை. பழைய துரை சீமைக்குத் திரும்பிப் போனபின் அது ஆபீஸ் காடியாக ஓடியது, பிறகு கிராணி அதை வாங்கினார். எப்போது கேட்டாலும் மைக்கேல்ராஜுக்குக் கைநிறைய வேலை இருக்கும். கிராணியும் ரிங்லெட்டில் இருக்கும் ஒரு பட்டறைக்குப் போய்விடுவார்.

"மைக்கேலு, இந்தச் சனியன என்னன்னு பாருய்யா. பேருதான் ஹீட்டரு. தொறந்தா ஐஸ் பொட்டி."

"எத்தன நாளா ஐயா?"

"நான் வாங்குனதுலேர்ந்தே ரோசாக்குதான், ஓடுனதே இல்ல. எனக்கெதுக்கு ஹீட்டரு, ஸ்வெட்டரு இருக்குன்னு விட்டுட்டேன். இப்ப அப்படி விட முடியுமா? ஞாயித்துக்கெழம ஈப்போ போயி மக செல்லத்தையும் பிள்ளையையும் கூட்டியாரணும். பொறந்து நாப்பது நாளு. தாப்பாவுலேர்ந்து ஏறுறப்ப மழ புடிச்சுக்கிச்சுன்னா? வீட்டுல ருக்குமணி என்ன சொல்லிட்டா தெரியுமா? ஹீட்டரு வேல செய்யலேன்னா நீங்களும் ஈப்போவுலயே இருந்துக்குங்கன்னுட்டா."

"ரிங்லெட்டுல பாத்தாங்கள்ல?"

"மூணு தடவ. அந்தப் பட்டறை மொதலாளி தவுக்கே மொதல்ல கேபிள மாத்துனான். அப்புறம் தண்ணி வால்வ மாத்துனான். அப்புறம் ஹீட்டர் பொட்டியவே கழட்டி, கழுவி மாட்டுனான். காத்து என்னமோ நல்லாத்தான் வருது, சூடுதான் வரல. நீயும் என்னப் பாத்தா ஓடுற. இன்னைக்கு ஓட முடியாதுலா. மானேஜர்கிட்டயே கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

மைக்கேல்ராஜ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். துடைக்கத் தேவையில்லாத கை. பானெட்டைத் தூக்கினான்.

உள்ளே ஸ்டியரிங் பக்கத்தில், நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே நகரும் பிடி ஒன்று உண்டு. அதைக் கிராணியை நகர்த்தச் சொல்லிவிட்டு எஞ்சின் பக்கத்தில் குனிந்து பார்த்தான். கேபிள் இழுத்தது, வால்வு திறந்தது. தவுக்கே செய்த வேலையில் குறையில்லை. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டான். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்கள் இரண்டு. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ச்சியாகவும் இருந்தால் உள்ளே எங்கோ அடைப்பு. இரண்டும் கையை வைக்க முடியாத சூடாக இருந்தால் காற்றுக் கதவில் கோளாறு. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரி, ஆறிப்போன தேநீர்போல வெதுவெதுப்பு. அப்படியென்றால் தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிற தண்ணீர்தான் சூடாகவில்லை. ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டான். நல்ல எஞ்சினில் அது முதலில் சில்லென்று கிடந்து, பிறகு சட்டென்று கொதிக்கும். இதுவோ முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல இளஞ்சூடு ஏறிக்கொண்டிருந்தது.

எதையும் தொடுவதற்கு முன்பே அவனுக்கு விடை தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். வேறு ஏதாவது கோளாறாக இருந்துவிடாதா என்று ஒன்பது வருடத்துக்குப் பிறகும் விரல்கள் தேடின. கேபிள் கழன்றிருக்கக் கூடாதா, வால்வு இறுகியிருக்கக் கூடாதா. அன்றைக்கும் அதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்ளலாமே.

தேயிலைப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகினான். "ஏறுங்க ஐயா" என்றான். டிஸ்பென்சரி வளைவுவரை ஓட்டிப் போய்த் திரும்புவதற்குள், அடியிலேயே கிடந்த சூடு காட்டும் ஊசி மேலே ஏறியது. கிராணியின் முழங்காலில் சூடான காற்று பட்டது.

"அடேயப்பா. ஒரு அட்டைக்கா நான் மூணு மாசமா அலைஞ்சேன்? இத இப்படியே கட்டி விட்டுரு."

"வேணாம் ஐயா. தாப்பா ஏத்தத்துல கொதிச்சு நடுரோட்டுல நின்னுரும்."

"பின்ன என்னதான்யா சீக்கு?"

"தெர்மோஸ்டாட் இல்ல. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல சின்னதா ஒரு கதவு மாதிரி இருக்கும். அது இல்லாததால தண்ணி ஓயாம ரேடியேட்டருக்குப் போயி ஆறிக்கிட்டே இருக்கு. இந்தக் குளுருல சூடு புடிக்க நேரமே கெடைக்கல. ஊசி அடியிலயே கெடக்குறதப் பாத்து நாமெல்லாம் காடி நல்லாருக்குன்னு நெனச்சுக்கிறோம்."

"இல்லேன்னா? தானா எந்திரிச்சா போச்சு? அந்தத் தவுக்கேதான் கழட்டியிருப்பான். கழட்டிட்டு எங்கிட்டயே கேபிளு, வால்வுன்னு கதை விட்டிருக்கான். இப்பவே ரிங்லெட்டுக்குப் போயி அவன நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பேசாமல் இருந்தால் போதும். யார் தலையிலாவது பழி தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை அப்படித்தான் உட்கார்ந்தது.

"தவுக்கே இல்ல ஐயா" என்றான் மைக்கேல்ராஜ்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு மத்தியானம் வந்து காடிய எடுத்துக்குங்க. அப்பச் சொல்றேன்."

முப்பது வருடம் பேர்ப்பதிவு எடுத்த கண்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தன. "சரிப்பா. நாளைக்கே சொல்லு" என்று கிராணி குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அவர் காதில் நாளை மத்தியானம் விழுகிற சேதி சாயங்காலத்துக்குள் மேல் லயத்தையும் கீழ் லயத்தையும் சுற்றி வந்துவிடும். பிலோமி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு அது போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. வேறு யார் வாயிலிருந்தும் அவள் அதைக் கேட்கக் கூடாது.

பட்டறை மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தான். பழைய பெல்ட்டுகளுக்கும் துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் அடியில் அந்தச் சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. எத்தனையோ முறை எறிந்துவிட எடுத்திருக்கிறான். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவான்.

எழுபத்திரண்டு அக்டோபரில் பழைய துரையின் காடி தாப்பா ஏற்றத்தில் இரண்டு முறை கொதித்து நின்றது. தெர்மோஸ்டாட் மூடியபடியே இறுகிவிட்டிருந்தது. கழற்றி எறிந்தான். இந்த நாட்டில் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான் அது. வெயில் ஊரில் அந்தச் சாமான் எதற்கு, இல்லாமலே எஞ்சின் குளுமையாக ஓடும் என்பார்கள். மலைக்கு அது வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கோலாலம்பூருக்கு எழுதிப் புதியது வரவழைத்தான். வந்தது. மாட்டுவதற்கு ஒரு மணி நேர வேலை. அந்த வாரம் உலர்த்தும் மெஷின் படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் லாரி. துரையும் அப்போது ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்குமாக ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார், காடியில் குளிர்கிறது என்று சொல்ல ஆளில்லை. நாளைக்கு மாட்டலாம் என்று இழுப்பறையில் வைத்தான்.

பிள்ளை பிறந்த அன்று டிரைவர் இருளப்பன் லீவில் போயிருந்தான். மைக்கேல்ராஜே காடியை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்தான். காற்று நேராகப் படட்டும் என்று பிலோமியை முன்சீட்டில் உட்காரவைத்துப் பிடியைச் சிவப்புக்குத் தள்ளியதும் மருத்துவச்சிதான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். மழை. ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது.

"சூடு வரலையேங்க."

"வரும். எஞ்சினு சூடாவட்டும்."

ஹாபு தாண்டியதும் திரும்பக் கேட்டாள். வரும் என்றான். அணைக்கட்டு ஏரி மரங்களுக்குப் பின்னால் மறைந்தபிறகு இன்னொரு தடவை கேட்டாள். இந்தா வந்துரும் என்றான். அவள் ரவிக்கையை அவிழ்த்து, பிள்ளையை வெறும் மார்போடு வைத்து, அதன்மேல் தன் முகத்தையும் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பிள்ளை போனபின் டாக்டர் சொன்னார்: ஏழு மாதம், நுரையீரல் முதிரவில்லை, நீங்கள் எதுவும் செய்திருக்க முடியாது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் அதைக் கேட்டார்கள். இருவருக்குமே அது உதவவில்லை.

அதன்பின் அவர்களுக்குப் பிள்ளை தரிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து பிலோமி ஆயாக்கொட்டகை வேலைக்குப் போனாள். கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார்கள் விடியற்காலையில் விட்டுச்செல்லும் பிள்ளைகள் இருபது இருபத்தைந்து. ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைப்பதாக இருந்தாலும் அவள் தண்ணீரைச் சுடவைத்துத்தான் துணியை நனைப்பாள். 'சுடுதண்ணி ஆயா' என்றே பெயராகிவிட்டது. மைக்கேல்ராஜ் ஒரு எண்ணெய் டிரம்மை அறுத்து, அடியில் அடுப்பும் பக்கத்தில் குழாயும் வைத்து, கொட்டகைக்கு வெந்நீர் பாய்லர் செய்துகொடுத்தான். ஞாயிறுதோறும் அதற்கு விறகு பிளந்து அடுக்குவான். "எங்க வீட்டு மனுஷன் எனக்கு ஒரு ஊதுகுழலுகூட வாங்கித் தந்ததில்ல. பொண்டாட்டிக்காக பாய்லரே செஞ்சு குடுத்துட்டாரு பாரு மகராசன்" என்று பக்கத்து வீட்டு இராசம்மா வாய் ஓயாமல் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் கோடரியை இன்னும் ஓங்கிப் போடுவான்.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். பிலோமி செண்டுப்பூவும் இரண்டு மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு மேட்டுக்குப் போவாள். அன்றைக்கு என்று பார்த்து மைக்கேல்ராஜுக்குத் தொழிற்சாலையில் ஏதாவது பழுதாகியிருக்கும். எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது? அவள் வா என்று கூப்பிட்டதில்லை. ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, மற்றதைத் திரும்பக் கொண்டுவந்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவாள். எட்டு மெழுகுவர்த்திகள் அங்கே கிடக்கின்றன. படம் சுவரிலிருந்து சற்று முன்னால் சாய்ந்தே தொங்குகிறது.

அன்று சாயங்காலம் அட்டைப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். சோதித்துப் பார்க்காமல் மாட்ட முடியாது. தொழிற்சாலையிலேயே கொதிதண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வீட்டுக்குத்தான் எடுத்துப் போனான்.

"ஒரு சட்டியில தண்ணி காய வையேன்."

"குளிக்கவா? முந்தாநாளுதான குளிச்சீங்க. என்ன விசேஷம்?"

"இத சோதிக்கணும்."

பெட்டியிலிருந்து அதை எடுத்தான். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை வட்டம், நடுவில் மூடி, கீழே ஒரு ஸ்பிரிங். ஒன்பது வருடத்தில் மினுக்கம் மட்டும் கொஞ்சம் மங்கியிருந்தது. தையல் நூலில் கட்டி, ஒரு சுள்ளியைச் சட்டியின்மேல் குறுக்கே வைத்து, தண்ணீருக்குள் தொங்கவிட்டான். பிலோமி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே சட்டியைப் பார்த்தாள். அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழ்கள் எழுந்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, நடுவிலிருந்த மூடி மயிரிழை அளவு நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிறகு முழுதாகத் திறந்துகொண்டது.

"அட, உசுரு இருக்கற மாதிரில்ல வாயத் தொறக்குது" என்றாள் பிலோமி. "என்ன இது?"

"எஞ்சினுக்குள்ள இருக்குற கதவு. தண்ணி சூடாவுற வரைக்கும் மூடிக்கிட்டு நிக்கும், ரேடியேட்டருக்கு விடாது. சூடான பொறவுதான் தொறக்கும்."

"இது இல்லாட்டி?"

மைக்கேல்ராஜ் சுள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடிக்கத் தேவையில்லை, அது தானாகவே நிற்கும்.

"இல்லாட்டி தண்ணி சூடே புடிக்காது. மலையில ஹீட்டரத் தொறந்தா பச்சக் காத்துதான் வரும். எம்புட்டு தூரம் போனாலும் வராது."

நறுக்கும் சத்தம் நின்றது.

"யாரு காடிக்கு?"

"கிராணி காடிக்கு. பழைய தொரையோடது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தரையில் கிடந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பினாள். சாமான் வந்து சேர்ந்த தேதியைப் பெட்டிமேல் பென்சிலால் எழுதுவது ஸ்டோரில் வழக்கம். பிலோமி ஆறாம் வகுப்பு படித்தவள். விளக்குப் பக்கம் நீட்டிப் படித்தாள்.

"பதினாலு, பதினொண்ணு, எழுபத்திரண்டு."

"ஆமா."

"செசிலி இருபத்திரண்டாந் தேதி."

"ஆமா."

தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

"தண்ணியால இல்ல, பிலோமி" என்றான். "நீ ஊத்துன தண்ணியால இல்ல. இது டிராயருல கெடந்துச்சு. காடியில சூடு வராதுன்னு எனக்கு ஏறும்போதே தெரியும். தெரிஞ்சேதான் வரும் வரும்னு சொன்னேன். நீ வீட்டுல கேட்டப்பயும் தெரியும்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியின் மடிப்புகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

"நான் கேட்டேன்" என்றாள். "தூங்குன்னு சொன்னீங்க."

அதற்குப் பிறகு பழந்துணியால் சட்டியைப் பிடித்து இறக்கினாள். நூலோடு அந்தப் பித்தளையை எடுத்து அவன் முன்னால் ஒரு தட்டில் வைத்தாள். வெந்நீரைக் கொண்டுபோய் வாசல் கால்வாயில் ஊற்றினாள். அங்கிருந்து எழுந்த ஆவி குளிரில் கரைந்து போகும்வரை வெளியிலேயே நின்றாள். உள்ளே வந்து முட்டைக்கோஸைத் தாளித்தாள். சோறு போட்டாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் அவனுக்குத் தேவலாம்போல இருந்தது. குழம்பு வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லாரும் போனபிறகு தெர்மோஸ்டாட்டை மாட்டினான். அட்டை வெட்டி, பசை தடவி, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினான். தண்ணீர் நிரப்பினான். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடிகாரத்தை அவன் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கிராணி ஒரு தூக்குச்சட்டியில் தீபாவளி முறுக்கோடு வந்தார். "ருக்குமணி குடுத்துவிட்டா. ம், சொல்லு. யாரு கழட்டுனது?"

"நாந்தான் ஐயா. எழுபத்திரண்டு அக்டோபர்ல. புதுசு வந்தும் மாட்டாம வச்சிருந்தேன்."

"நீயா? ஏன்யா, பத்து வருஷமா ஒரு…" என்று கேலியாக ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த நவம்பரில் பிள்ளைக்குச் சின்னப் பெட்டி செய்யப் பலகைக்கு ஸ்டோர் சீட்டு எழுதிக்கொடுத்தது அவர்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஓட்டிப் பாத்தியா?" என்று கடைசியில் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"ஓட்டிப் பாத்துட்டு வா. நான் இங்கயே குந்தியிருக்கேன். அவசரமில்ல."

மைக்கேல்ராஜ் பானெட்டைச் சாத்தித் திரும்பியபோது பட்டறை வாசலில் பிலோமி நின்றாள். கொட்டகையைப் பூட்டிவிட்டு நேராக வந்திருக்கிறாள், சாவி கையில் இருந்தது. மேலே பழுப்புக் கம்பளிச் சால்வை. கிராணியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். காடியைச் சுற்றிக்கொண்டு வந்து, முன்கதவைத் தானே திறந்து, அதே சீட்டில் உட்கார்ந்தாள். ஒன்பது வருடமாக தானா ராத்தா போவதென்றால் பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் ஏறாதவள்.

"எடுங்க" என்றாள்.

தொழிற்சாலையைத் தாண்டி, தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே எஸ்டேட் பாதையில் மெதுவாக ஓட்டினான். மழை விட்டிருந்தது. மூடுபனி செடிகளின் தலைமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இருவர் மூச்சிலும் கண்ணாடி வெளுத்தது. ஊசி அடியிலிருந்து கிளம்பி, கொஞ்சம் தயங்கி, நடுவில் வந்து நின்றது. பிடியை நகர்த்த அவன் கை போகவில்லை. நகர்த்தாமல் இருக்கவும் முடியவில்லை.

பிலோமிதான் நகர்த்தினாள். நீலத்திலிருந்து சிவப்புவரை, ஒரே இழுவையில்.

முதலில் குளிர்ந்த காற்றுதான் வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பிறகு அது மாறியது. மழையில் நனைந்த துணி அடுப்பங்கரையில் காயும் வாசனையோடு சூடு வந்தது. அவள் சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துக் காற்றுக்கு நேராக நீட்டினாள். புறங்கையைக் காட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள். பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்ப்பதுபோல முழங்கை மடிப்பைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இம்புட்டு சூடு வருமா இதுல" என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

பெரிய ரோட்டில் சேரும் இடத்தில் மைக்கேல்ராஜ் காடியை ஓரமாக நிறுத்தினான். இடதுபக்கம் ரிங்லெட். வலதுபக்கம் ஹாபு, ஏரி, ஆஸ்பத்திரி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளிய கொழுந்தை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி அவர்களைக் கடந்து உள்ளே திரும்பியது. டிரைவர் கையை உயர்த்தினான். இவனும் உயர்த்தினான்.

பிலோமி கையை எடுக்கவில்லை. முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. டாக்டர் சொன்னதை அவளுக்கு நினைவூட்டலாம். உலர்த்தும் மெஷின் படுத்துக்கொண்ட கதையைச் சொல்லலாம். மன்னித்துவிடு என்று கேட்கலாம். ஆனால் அதைக் கேட்டால் அவள் ஏதாவது கொடுத்தாக வேண்டும். ஒன்பது வருடம் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவனுக்கு அதையும் கேட்க வாய் வரவில்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் தேதியன்று, பட்டறையில் யாரும் இல்லாத நேரத்தில், உதடு அசையாமல் அவன் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு வாக்கியம். எட்டு வருடமும் மறுநாள் காலையில் அது தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போயிருக்கிறது.

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"திங்கக்கெழம கல்லறைத் திருநாளுக்குப் போறப்ப…" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டான். "என்னையும் கூட்டிட்டுப் போறியா, பிலோமி?"

சூடு பட்ட முன்கண்ணாடியின் அடியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெண்மை கரைந்து, ஈரமான ரோடு தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு விரற்கடை, ரோட்டோரத்துத் தேயிலைச் செடிகள்.